கைலாசம் செய்த ஆடிச் சீர்

ராசிபுரத்துக்கு வந்து கைலாசத்தின் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நெற்றியைச் சுருக்குவார்கள். "சீர்க்காரர் ஊடு" என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். பதினோரு வருஷமாக அந்த மனிதனுக்கு ஊரில் அதுதான் பேர். அது எப்படி வந்தது என்று ஊருக்கெல்லாம் தெரியும். தெரியும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் நடந்தது இன்னதென்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் நான் ஒருவன். சொல்ல நாக் கூசுகிறது. கூசட்டும்.

என் பேர் அப்புசாமி. இந்த ஊரில் டிரில் வாத்தியார். பந்தை உதைத்ததைவிடப் பந்தைப் பற்றிப் பேசியது அதிகம் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

கைலாசம் நெசவுக்கார வீட்டுப் பிள்ளை. அப்பன் காய்ச்சலில் போனதும் பதினோரு வயதில் குழித்தறியில் இறங்கினான். தரையில் இடுப்பளவு குழி. அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு, அடியில் இருக்கிற மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். கை, நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே ஓட்டும், கால் மிதிக்கும், பொழுது சாயும்வரை இதே வேலை. இப்படிப் பத்து வருஷம் மிதித்த கால் சும்மா இருக்குமா? அமாவாசைக்கு அமாவாசை தறிக்கு ஓய்வு. அன்றைக்கு நெசவுப் பையன்கள் காய்ந்த ஏரிக்குள் இறங்கிப் பந்தாடுவார்கள். மற்றவர்கள் பந்தை விரட்டிக்கொண்டு ஓடுவார்கள். இவன் ஓடமாட்டான். பந்து எவ்வளவு வேகமாக வந்தாலும் உள்ளங்கால் அதன்மேலே விழும், பந்து அங்கேயே நின்றுவிடும். பிறகு தலையைத் தூக்கி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அடிப்பான். வெறுங்கால்தான். பூட்ஸ் போட்டவன்கூட அவன் காலோடு மோத யோசிப்பான்.

தறிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. குழியில் இறங்குமுன் குனிந்து மிதிகட்டையைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சோறு போடுகிற பொருள்மேல் காலை வைக்கிறோமே என்கிற கூச்சம். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி இறங்கினாலும் தொடுவார்கள். நாடா தவறி விழுந்து அதன்மேல் கால் பட்டாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கொட்டாவி வந்தால் கை தானாக வாய்க்குப் போகிறதே, அந்த மாதிரி. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கைலாசத்தின் கை அப்படிக் கண்ணுக்குப் போய் வரும். யாரும் அதைக் கவனிப்பதில்லை, அவன் உட்பட.

1935-ல் சென்னையில் மாகாணப் பந்தாட்டப் போட்டி என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஜில்லாக்கள் முதலில் தங்களுக்குள் ஆட வேண்டும். ஜெயிக்கிற ஒரே ஜில்லா சென்னைக்குப் போகும். சேலம் ஜில்லாவுக்கு அதுவரை அப்படி ஒரு பெருமை வந்ததில்லை. அணிக்கு ஆள் பொறுக்கியபோது ராசிபுரத்திலிருந்து நாலு பேர் எடுபட்டார்கள். அதில் கைலாசம் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். திருச்செங்கோட்டுச் செங்கோடன் கோல் கீப்பர். என்னை உதவிக் காரியதரிசி ஆக்கினார்கள். பந்துக்குக் காற்றடிப்பது, எலுமிச்சம்பழம் நறுக்குவது, பஸ்ஸுக்கு ஆளைக் கணக்கெடுப்பது, இதுதான் உத்தியோகம். ஆனால் நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள் நான்தான் கேப்டன் என்று நினைத்திருப்பார்கள்.

வட ஆற்காட்டை இரண்டுக்கு ஒன்றில் ஜெயித்தோம். திருச்சியில் மழைச் சேற்றில் ஆடி ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக்கிக்கொண்டு வந்தோம். கடைசி ஆட்டம் கோயமுத்தூரோடு, சேலத்திலேயே. ஜெயித்தால் இரண்டு, சமமானால் ஒன்று என்கிற கணக்கில் எங்களுக்கு மூன்று புள்ளி, அவர்களுக்கு இரண்டு. மற்ற இரண்டு ஜில்லாவும் வெளியே போயாயிற்று. நாங்கள் ஜெயிக்கக்கூட வேண்டாம், தோற்காமல் இருந்தால் போதும், சென்னைக்கு ரயில் ஏறலாம். ஊரில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டுச் சேலத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஆடி மாதம். சேலத்தில் மாரியம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அன்று காலையில் புதுப் பந்தை எடுத்துக்கொண்டு நான் கோயிலுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. பூசாரி பந்தை அம்மன் முன்னால் வைத்து, குங்குமம் வைத்துக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். வெறும் குங்குமம் இரண்டு உதையில் உதிர்ந்துபோகுமே என்று எனக்குக் கவலை. பந்துத் தோலுக்கு எப்படியும் ஆமணக்கெண்ணெய் தடவுவோம்; அந்த எண்ணெயில் குங்குமத்தைக் குழைத்து, பந்தின் தையலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு அழுத்தித் தேய்த்துவிட்டேன். தோல் அதைக் குடித்துவிட்டது. இனி எவன் உதைத்தாலும் போகாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மைதானத்தில் எல்லோரும் பந்தைப் பார்த்துச் சிரித்தார்கள், கும்பிட்டார்கள். கைலாசம் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் வந்தான்.

"ஏனுங்க வாத்தியாரே, ஆத்தா குங்குமத்தை எப்படிங்க கால்ல ஒதைக்கறது?"

"பந்துன்னா ஒதைக்கத்தானப்பா. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. நீ போய் ஆடு சாமி."

"அதுக்கில்லைங்க. கொஞ்சம் தொடைச்சுக் குடுத்தீங்கன்னா..."

"தொடைச்சா போகாது. போகாத மாதிரிதான் வெச்சிருக்கேன். போ, போ!"

அதட்டித்தான் அனுப்பினேன். அவன் பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மைதானத்துக்குள் போனான். முதல் பாதியில் அவன் அடி ஒன்றும் உருப்படியாக விழவில்லை. பொட்டு இல்லாத பக்கம் பார்த்து உதைக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நேரா ஒதைப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டாவது பாதியில் பழகிவிட்டான். கோயமுத்தூர்க்காரர்கள் அலை அலையாக வந்தார்கள். வந்தவர்களையெல்லாம் அவன் நிறுத்தினான். ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும்போது இரண்டு பக்கமும் கோல் இல்லை. சேலத்துக்காரர்கள் அதற்குள் மேளத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது அவர்கள் பக்கமிருந்து ஒரு பந்து நோஞ்சானாக உருண்டு வந்தது. பெனால்டி எல்லைக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் எதிரி ஒருவனும் இல்லை. கைலாசம் அதன் பின்னாலேயே எங்கள் கோல் பக்கமாக நடந்து வந்து, வழக்கம்போல உள்ளங்காலைப் பந்தின்மேல் வைத்து நிறுத்தினான். தலையைத் தூக்குமுன் ஒரு தரம் கீழே பார்த்தான். குங்குமம் நேராக மேலே இருந்தது. அதன்மேல் அவன் குதிகால்.

நான் எங்கள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், ஐந்தாறு கெஜ தூரத்தில் நின்றேன். காலை வெடுக்கென்று எடுத்தான். குனிந்தான். வலது கை விரல்கள் பந்தைத் தொட்டன, கண்ணுக்குப் போயின. அவ்வளவுதான். ஒரு கணம்கூட ஆகவில்லை. ரெப்ரி விசில் ஊதினார்.

அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. ரெப்ரிக்குக் கை பந்தில் பட்டது தெரிந்தது, அவருக்கு அது போதும். செங்கோடன் மேளக்காரர்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் கண்ணுக்குப் போனதை நான் மட்டும் பார்த்தேன். கைலாசம் நிமிர்ந்தபோது அவன் முகம் என் பக்கம்தான் இருந்தது. தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. அப்படியொரு முகத்தை நான் மறுபடி பார்க்க விரும்பவில்லை.

பெனால்டி. செங்கோடன் இடது பக்கம் பாய்ந்தான், பந்து வலது பக்கம் போனது. மீதி நேரம் எப்படிப் போயிற்றென்று நினைவில்லை. மேளக்காரன் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான்.

சங்கத்துத் தலைவர் ஒரு வக்கீல். எல்லார் முன்னாலும் கைலாசத்தை நிறுத்திக் கேட்டார்.

"ஏம்பா, பக்கத்துல ஈ காக்கா இல்லை. எதுக்குப் பந்தைக் கையால தொட்டே?"

கைலாசம் என்னைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"கை பட்டுருச்சுங்க" என்றான்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? அன்றைக்கு எல்லோரும் என்னைத் திட்டியிருப்பார்கள். அடுத்த ஆடிக்குள் மறந்திருப்பார்கள். அவ்வளவுதானே. அந்தத் திட்டை வாங்க எனக்குத் தைரியம் இல்லை.

மாலை பஸ்ஸில் ஊர் திரும்பினோம். நான் முன் சீட்டில். பஸ் முழுக்க நம் ஊர் ஆட்கள். யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று அன்று நான் எண்ணவில்லை. கைலாசம் வெட்கப்பட்டுக்கொண்டு சேலத்திலேயே எங்கோ போய்விட்டான் என்று நினைத்தேன். பஸ் மல்லூரைத் தாண்டியது. பிறகு துணி வியாபாரி மாரியப்பன் ஆரம்பித்தார்.

"பந்துக்குப் பொட்டு வெச்ச மவராசன் யாரப்பா? ஆத்தாளைக் கால்ல ஒதைச்சா ஆத்தா சும்மா உடுவாளா?"

பஸ் முழுக்க என் பக்கம் திரும்பியது. இன்னும் ஒரு கேள்வி வந்தால் மாட்டிக்கொள்வேன். அந்த நேரத்தில்தான் என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது. கைலாசத்தின் மனைவி தெய்வநாயகி கோயமுத்தூர் ஜில்லா சிறுமுகைக்காரி. கல்யாணமாகி இரண்டு வருஷம்.

"அட, நீங்க ஒண்ணுங்க" என்றேன். "ஆடி மாசம் மாமியார் ஊட்டுல மாப்பிள்ளைக்குச் சீர் செய்வாங்க, பாத்திருக்கோம். நம்ம கைலாசம் திருப்பி மாமியார் ஊருக்கே சீர் செஞ்சுட்டாருங்க!"

தோற்றவர்களுக்குச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும். பஸ் குலுங்கியது. மாரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பொட்டுப் பேச்சு அதோடு போயிற்று. நானும் சிரித்தேன். தப்பித்துக்கொண்டோம் என்று மூச்சு வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு குறுகுகிறது.

மறுநாள் கடைவீதியில் அந்தப் பேச்சு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் அது யார் சொன்னது என்றே யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் சொன்னது நிலைத்துவிட்டது. விளையாட்டாகச் சொன்னது மெல்ல மெல்ல நிஜமாகிவிட்டது. பெண் எடுத்த ஊருக்காக ஜில்லாவை விட்டுக்கொடுத்தான் என்றார்கள். பொதுக் கிணற்றில் தெய்வநாயகி குடத்தை வைத்தால், "கோயமுத்தூர்க்காரி வந்துட்டா, வழி உடுங்கடி, தண்ணியையும் சீராக் குடுத்துரலாம்" என்று சின்னாயி ஆரம்பிப்பாள், மற்றவர்கள் முடிப்பார்கள்.

கைலாசம் அதற்குப் பிறகு ஆடவில்லை. ஆனால் அமாவாசை தவறாமல் ஏரிக்கு வருவான். கோலுக்குப் பின்னால் நின்று பார்ப்பான். பந்து வெளியே வந்தால் காலால் தள்ளிவிடுவான். "கையால எடுத்துக் குடுங்க சீர்க்காரரே, பழக்கந்தான!" என்று எவனாவது சொல்வான். இவனும் லேசாகச் சிரித்துவிட்டு நிற்பான். வராமல் இருந்திருக்கலாம். ஏன் வந்தான் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை.

தை பிறந்ததும் தெய்வநாயகிக்கு வளைகாப்புப் போட்டு, தலைப் பிரசவத்துக்குக் கூட்டிப் போக அவள் அம்மா செல்லாயி சிறுமுகையிலிருந்து வந்தாள். வளையல் பெட்டி, கட்டுச்சோற்று மூட்டை எல்லாம் கொண்டுவந்திருந்தாள். வளையலைப் போட்டுக்கொண்ட தெய்வநாயகி கூடப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்தில் செல்லாயி தனியாக நின்றதை நான் பார்த்தேன். கட்டுச்சோற்று மூட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"ஏனுங்க சாமி, நீங்க இந்த ஊருதானுங்களே" என்று கேட்டாள். "எம்புள்ளைக்கு நாங்க என்னங்க கொறை வெச்சோம்? பெத்தவ ஊட்டுக்கு வரமாட்டேங்கறாளே, ஏனுங்க?"

"பஸ் அஞ்சு மணிக்குத்தானுங்க" என்றேன். சொல்லிவிட்டு அங்கே நிற்காமல் வந்துவிட்டேன்.

பெண் குழந்தை இங்கேயே பிறந்தது. மாரக்காள் என்று பேர் வைத்தார்கள். அதற்கப்புறமும் தெய்வநாயகி தாய் வீட்டுக்குப் போகவில்லை. நோன்பா, பண்டிகையா, எதற்கும் போகவில்லை. 1941-ல் செல்லாயி செத்துப்போன சேதி வந்தபோதுதான் போனாள், காரியம் முடிந்ததும் திரும்பிவிட்டாள். யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றபோது கைலாசம் ரோட்டு வேலைக்குப் போய்க் கல் சுமந்தான். அப்போதும் மேஸ்திரி அவனைச் சீர்க்காரர் என்றுதான் கூப்பிட்டானாம். நான் அவர்கள் வீட்டுக்கு அடிக்கடி போவேன். குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்க விடாது. தெய்வநாயகி ஒவ்வொரு தடவையும் மோர் கொடுப்பாள். குடித்துவிட்டு வருவேன்.

போன மாதம் ஜில்லாப் பந்தாட்டச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சிறப்பு மலர் போடுகிறார்களாம். முப்பத்தைந்தாம் வருஷத்துத் தோல்வியைப் பற்றி நான் நாலு பக்கம் எழுத வேண்டுமாம். எழுத உட்கார்ந்தேன். வட ஆற்காடு வந்தது, திருச்சி வந்தது, கோயமுத்தூர் வந்ததும் பேனா நின்றுவிட்டது. எழுந்து நேராகக் கைலாசத்தின் வீட்டுக்குப் போனேன்.

அவன் தறியில் இருந்தான். முப்பது தாண்டியதுமே தலை நரைத்துவிட்டது. பக்கத்தில் நூல் பெட்டிமேல் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "கைலாசம், அன்னிக்கு நீ பந்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டதை நான் பாத்தேன்" என்றேன்.

நாடா நின்றது.

"தெரியுமுங்க. நிமுந்ததும் உங்க மூஞ்சியைத்தானுங்க மொதல்ல பாத்தேன்."

"பஸ்ஸுல அந்தச் சீர்ப் பேச்சை ஆரம்பிச்சது நாந்தான்."

"அதுவுந் தெரியுமுங்க. கடைசி சீட்டுல துண்டைத் தலைமேல போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். பாவம், தோத்த பசங்க, சிரிச்சுக்கட்டுமுன்னு இருந்தேன்."

"அப்பறம் ஏன்டா நீயே சொல்லல?"

"ஆத்தா குங்குமத்தாலதான் தோத்தோமுன்னு எந்த வாயால சொல்றதுங்க? சொன்னா யாரு வெச்சதுன்னு உங்களைத்தான கேப்பாங்க. நீங்களே ஒரு நாளைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அமாவாசைக்கு அமாவாசை ஏரிக்கு வாரப்பவெல்லாம், இன்னிக்குச் சொல்லுவீங்க, இன்னிக்குச் சொல்லுவீங்கன்னு நெனச்சுக்குவேன்."

அவன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சமையலறை வாசலில் தெய்வநாயகி மோர்ச் செம்போடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. புருஷனைப் பார்த்தாள்.

"எங்கிட்டக்கூடக் கை பட்டுருச்சுன்னுதான சொன்னீங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பதினோரு வருசமா நானும் ஊரு சொன்னதைத்தானுங்க நம்பிக்கிட்டிருந்தேன். எம்மேல இருக்கற ஆசையில எங்கூருக்காவத்தான் இவரு அப்படிச் செஞ்சுட்டாருன்னு. என்னாலதான் இவருக்கு இந்தப் பேருன்னு. அதுக்காவத்தான் எங்கம்மா ஊட்டுப் படியே மிதிக்கல. கூப்புட வந்த எங்கம்மாளை அழுவ உட்டுத் திருப்பியனுப்புனேன்."

நான் எழுந்து நின்றேன். "தப்புத்தான் தாயி" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லாதீங்க" என்றாள். "காத்தால கெணத்தடிக்கு வாங்க. எல்லாரும் இருப்பாங்க. அங்க வந்து சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அன்று மோர் எனக்குக் கிடைக்கவில்லை. செம்பை உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

மறுநாள் காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். இருபது பெண்கள் இருப்பார்கள். சின்னாயி கயிறு இழுத்துக்கொண்டிருந்தாள். தெய்வநாயகி குடத்தோடு வரிசையில் நின்றாள். என்னைப் பார்த்ததும் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். பேச்சு நின்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாத்தியார் காலங்காத்தாலே கிணற்றடிக்கு எதற்கு வந்தார் என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

"என்னங்க வாத்தியாரே?" என்றாள் சின்னாயி.

மனதுக்குள் எல்லாம் தயாராக இருந்தது. இரவெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். வாயைத் திறந்தேன்.

"தண்ணி இந்த வருசம் கீழ போயிருச்சுங்களா?" என்றேன்.

"ஆமாங்க, ரெண்டு மொழம் போயிருச்சு" என்றாள் சின்னாயி. நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன். தெய்வநாயகியின் முகத்தைப் பார்க்கவில்லை. குடத்தை அவள் மறுபடி இடுப்பில் எடுத்து வைக்கிற சத்தம் பின்னால் கேட்டது.

வீட்டுக்கு வந்து இதை எழுத ஆரம்பித்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. நாளைக்குத் தபாலில் சங்கத்துக்கு அனுப்பிவிடுவேன். மலரில் போடுவார்கள்; வக்கீல்களும் குமாஸ்தாக்களும் படித்துவிட்டு அப்புசாமி எவ்வளவு யோக்கியமாக ஒத்துக்கொண்டான் என்று பேசுவார்கள். கிணற்றடியில் அன்று நின்ற இருபது பெண்களில் ஒருத்திக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும்.